ஆயா, வார்டு பாய், சிஸ்டர்: பணியாளர் கையேட்டில் யாரை எப்படி எழுதுவது?

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பணியாளர் கையேட்டையும் நோயாளிகள் நிரப்பும் படிவங்களையும் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பழைய தாள்களில் ‘வார்டு பாய்’, ‘ஆயா’, ‘சிஸ்டர்’ என்றே இருக்கிறது. இப்போது எங்களிடம் ஆண் நர்ஸ்களும் இருக்கிறார்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். பொதுச் சொல் போடலாம் என்றேன். மூத்த அலுவலர் ஒருவர், “ஆசிரியை, நடிகை, தலைவி என்று அழகான சொற்கள் இருக்கும்போது எதற்கு எல்லாவற்றையும் ‘ர்’ போட்டு முடிக்க வேண்டும்? இது இங்கிலீஷ்காரர்களின் பிரச்சினை” என்கிறார். இன்னொருவர், “ஆண், பெண் என்ற பேச்சே கையேட்டில் எங்கும் வரக்கூடாது” என்கிறார். படிவத்தில் ‘க/பெ’ இருக்கலாமா என்பதிலும் சண்டை. யார் சொல்வது சரி?
வாசகி, திருச்சி

பதில்:

வணக்கம். அலுவலகங்களுக்குத் தமிழில் கையேடும் படிவமும் எழுதிக் கொடுப்பதும் திருத்திக் கொடுப்பதும்தான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இருவர் பேச்சையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். முதலில் உங்கள் மருத்துவமனையின் பதவிப் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இயக்குநர். கண்காணிப்பாளர். மருத்துவர். மருந்தாளுநர். கணக்காளர். மேலாளர். இதுவரை யார் ஆண், யார் பெண் என்று பட்டியல் சொல்லவே இல்லை. அதற்குக் கீழே வந்ததும் சிஸ்டர், ஆயா, வார்டு பாய். சம்பளம் குறையும் இடத்தில்தான் பால் அடையாளம் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் மருத்துவமனையில் மட்டுமல்ல, வெளியிலும் இதுதான் நடக்கிறது. ‘மேலாளர்’ என்கிறோம், ‘வேலைக்காரி’ என்கிறோம். ‘தொழிலதிபர்’ என்கிறோம், ‘பூக்காரி’ என்கிறோம். பூ விற்பவரும் சொந்தத் தொழில்தான் செய்கிறார்.

தமிழில் இந்தப் பிரச்சினையின் முடிச்சு இங்கே இருக்கிறது. நம் மொழியில் பால் காட்டாத விகுதியும் மரியாதை விகுதியும் ஒன்றே. ‘அவன்’, ‘அவள்’ என்றால் பால் தெரியும், மரியாதை இருக்காது. ‘அவர்’ என்றால் மரியாதை வரும், பால் மறையும். ஆகவே ஒருவரின் பதவியை ‘ர்’ போட்டு எழுதுவதா வேண்டாமா என்று நீங்கள் விவாதிக்கும்போது, அவருக்கு மரியாதை தருவதா வேண்டாமா என்பதையும் சேர்த்தே விவாதிக்கிறீர்கள். இங்கிலீஷில் வேறு கதை. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி 2021 செப்டம்பரில் ‘பேட்ஸ்மேன்’ என்பதை ‘பேட்டர்’ என்று மாற்றியது. அங்கே சொல்லின் பின்னால் ஒட்டியிருந்த ‘மேன்’ என்ற ஆண் சொல்லை எடுக்க வேண்டியிருந்தது. நமக்கு எடுக்க ஒன்றும் இல்லை. மேலே இருப்பவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கும் ‘ர்’ஐக் கீழே இருப்பவர்களுக்கும் கொடுத்தால் வேலை முடிந்தது.

உங்கள் மூத்த அலுவலருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். ‘ஒருவர் என்னும் பெயர்நிலைக் கிளவி இருபாற்கும் உரித்தே’ என்பது தொல்காப்பியப் பெயரியல். ‘ஒருவர்’ என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று தமிழில் இன்று கிடைக்கும் மிகப் பழைய இலக்கண நூலே எழுதி வைத்திருக்கிறது. ஒரே ஆளைப் பன்மையில் சொல்லும் பழக்கத்தையும் அது பதிவு செய்கிறது: அது இலக்கண முறைப்படி வந்ததல்ல, மக்கள் வழக்கில் உயர்த்திச் சொல்வதால் வந்தது என்று கிளவியாக்கம் என்ற இயலில் விளக்குகிறது. இங்கிலீஷ்காரர்கள் ‘அவனா, அவளா, அவர்களா’ என்று இன்று தடுமாறும் இடத்தை நம் பேச்சு வழக்கு எப்போதோ தாண்டிவிட்டது. இதை இறக்குமதிச் சரக்கு என்று சொல்வதில் நியாயம் இல்லை.

அரசியலிலும் இதைப் பார்த்தோம். 1988இல் ஜானகி ராமச்சந்திரனும் 1991இல் ஜெயலலிதாவும் பதவிக்கு வந்தபோது ‘முதல்வி’ என்ற சொல் வழக்குக்கு வரவில்லை. முதல்வர் என்றால் முதல்வர்தான். 2007இல் பிரதிபா பாட்டீல் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரானபோது இந்தியில் ‘ராஷ்டிரபதி’ என்ற சொல் ஒரு பெண்ணுக்குப் பொருந்துமா என்று பெரிய விவாதமே நடந்தது. ‘பதி’ என்றால் கணவன் என்ற பொருளும் உண்டு அல்லவா? தமிழில் ‘குடியரசுத் தலைவர்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டோம்.

அப்படியானால் ‘ஆசிரியை’, ‘தலைவி’ எல்லாம் தவறா? தவறு இல்லை. நடிகை என்ற சொல்லோடு எனக்குச் சண்டை கிடையாது. பாத்திரமே பெண் பாத்திரமாக இருக்கும் தொழில் அது. ஆனால் இந்த இணைச் சொற்கள் பார்க்கத்தான் ஜோடி. பழகப் பழகப் பெண்பால் சொல்லின் பொருள் சுருங்கிவிடுகிறது. மருத்துவர் என்றால் டாக்டர். மருத்துவச்சி என்றால் பிரசவம் பார்ப்பவர். உங்கள் மகப்பேறு மருத்துவரின் அறை வாசலில் ‘மருத்துவச்சி’ என்று பலகை மாட்ட உங்கள் மூத்த அலுவலரே சம்மதிக்க மாட்டார். ஆசிரியர் என்றால் பள்ளியில் பாடம் நடத்துபவரும் உண்டு, நூல் எழுதியவரும் உண்டு, பத்திரிகையை நடத்துபவரும் உண்டு. ஆசிரியை என்றதும் கரும்பலகை மட்டும்தான் மனதில் வருகிறது.

‘தலைவி’ இன்னும் சிக்கலான சொல். தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கான இட ஒதுக்கீடு 2016இல் 50 சதவீதம் ஆனது. ஊராட்சி மன்றத்துக்குப் பெண் தேர்வாகிறார். பல ஊர்களில் அவர் கணவரைத்தான் ‘தலைவர்’ என்றும் ‘பிரசிடெண்ட்’ என்றும் கூப்பிடுகிறார்கள். ஓட்டு வாங்கி ஜெயித்தவர் ‘தலைவியம்மா’. ஊர் வாயில் அந்தச் சொல்லுக்குத் தலைவரின் மனைவி என்ற பொருள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அத்தகைய ஊரில் அலுவலகப் பலகையில் அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்று எழுதியிருப்பது அலங்காரம் அல்ல, அதிகாரம் யாருடையது என்ற அறிவிப்பு. சொல் பார்த்து எழுதுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். ‘வார்டு பாய்’, ‘ஆயா’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஐம்பது வயதுக்காரரை ‘பாய்’ என்று அடையாள அட்டையில் அச்சடிப்பது எந்த விதத்திலும் சரியில்லை. அரசு மருத்துவமனை வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் ‘பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர்’ என்று பார்த்திருப்பீர்கள். நீளமாக இருக்கிறது என்றால் ‘வார்டு பணியாளர்’ போதும். ‘சிஸ்டர்’ இருக்கும் இடத்தில் ‘செவிலியர்’. செவிலி என்பது சங்கப் பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய்; ஆண்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்பார்கள். பொருந்திவிட்டது. செவிலியர் பட்டயமும் பட்டமும் ஆண்களும் வாங்குகிறார்கள், அதே பதவிப் பெயரில் வேலை பார்க்கிறார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் ‘ஆண் செவிலியர்’ என்று எழுத வேண்டாம். ‘பெண் மருத்துவர்’, ‘பெண் ஓட்டுநர்’ என்பதற்கும் இதே பதில்தான். அப்படி எழுதும்போது, இந்த வேலை இவருக்கு உரியதல்ல, எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார் என்று வாசிப்பவருக்குக் கேட்கும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் காப்பாற்றுங்கள். நான் சொல்வது எழுதும் பெயரை. கூப்பிடும் பெயரை அல்ல. வார்டில் ‘சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு’ என்று நோயாளியின் மகன் குரல் கொடுப்பதை எந்தக் கையேடும் மாற்றப்போவதில்லை, மாற்றவும் வேண்டாம். ஆண் செவிலியர்களைப் பல இடங்களில் ‘பிரதர்’ என்கிறார்கள். அக்கா, அண்ணா, அம்மா என்று முறை வைத்துக் கூப்பிடுவது நம் ஊரில் நெருக்கம். அந்த நெருக்கம் சம்பளச் சீட்டிலும் மெமோவிலும் ஏறினால்தான் கோளாறு. ‘ஆயாம்மா’ என்று அன்பாகக் கூப்பிடலாம். அவர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது ‘ஆயா’ என்ற பதவிப் பெயர் அவருக்கு ஒரு வேலையும் செய்து தராது.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. கேட்டிருக்க வேண்டியது என்பதால் சொல்கிறேன். ‘அவர்’ உண்மையிலேயே பொதுவா? ஏட்டில் பொது. காதில் அப்படி இல்லை. பேச்சில் ‘டாக்டர் வந்தாரா?’ என்று கேட்டால் ஆண் மருத்துவர் என்றுதான் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வார்கள். பெண் மருத்துவர் என்றால் ‘டாக்டர் வந்தாங்களா?’ என்போம். யாழ்ப்பாணத்திலும் ஆணுக்கு ‘அவர்’, பெண்ணுக்கு மரியாதையோடு ‘அவ’ என்று பேச்சு தனித்தனியாகவே போகிறது. இந்தப் பழக்கத்தோடு ஒருவர் உங்கள் கையேட்டை வாசிக்கிறார். ‘மருத்துவர் வந்ததும் அவரிடம் தெரிவிக்க வேண்டும்’ என்ற வரியில் அவர் மனதில் வந்து நிற்பது ஓர் ஆண். விகுதியை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் இங்கே சறுக்கிவிடுவோம்.

இதற்கு நான் கையாளும் வழி இரண்டு. எடுத்துக்காட்டு தரும் இடங்களிலும் படம் போடும் இடங்களிலும் ஆள்களைக் கலந்து போடுவேன். கையேட்டில் பிரச்சினை தீர்க்கும் மேலாளர் ஓர் இடத்தில் பெண்ணாக இருக்கட்டும், படுக்கை விரிப்பை மாற்றுபவர் ஓர் இடத்தில் ஆணாக இருக்கட்டும். இன்னொரு வழி, ‘அவர்’ என்ற சொல்லே தேவைப்படாதபடி வாக்கியத்தைக் கட்டுவது. தமிழில் இது மிக எளிது. ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘லாம்’, ‘முடியும்’, ‘இல்லை’ எதுவும் பால் காட்டுவதில்லை. கையேடு என்பது முக்கால்வாசி ‘வேண்டும்’, ‘கூடாது’தானே?

இத்தகைய பழைய தாள்களில் இருக்கும் மாதிரி வரி ஒன்றைப் பாருங்கள்: ‘வார்டு பாய் நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் அவன் பக்கவாட்டுக் கம்பியை உயர்த்திவிட்டு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். அவள் வந்து பார்க்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும்.’ இதை நான் இப்படி மாற்றுவேன்: ‘நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் பக்கவாட்டுக் கம்பியை உயர்த்த வேண்டும். பிறகு பணியில் இருக்கும் செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும். செவிலியர் வந்து பார்க்கும் வரை நோயாளியை விட்டு நகரக் கூடாது.’ பாய் போனார், சிஸ்டர் போனார், அவனும் அவளும் போனார்கள். கூடவே, நோயாளியைத் தனியாக விடக்கூடாது என்ற முக்கியமான விஷயம் முன்பைவிடத் தெளிவாக நிற்கிறது. பணியாளரை நேரடியாக ‘நீங்கள்’ என்று விளித்து எழுதினாலும் நல்லது. எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். படிப்பவரை முன்னால் உட்கார வைத்துப் பேசுவதுபோல இருக்கும்.

அடுத்தது, ஆண், பெண் என்ற பேச்சே வரக்கூடாது என்பவருக்கு. அவர் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் மருத்துவமனையில் அது ஆபத்தில் முடியும். வேலையின் பெயரில் பால் வேண்டாம் என்பது ஒன்று. பாலால் ஒருவருக்கு நேரக்கூடியதை எழுதும்போது பாலை மறைப்பது வேறொன்று. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பது நோயாளிகளின் உரிமைச் சாசனத்தில் உள்ளது. அதற்கு ஏற்பாடு செய்வது மருத்துவமனை நிர்வாகத்தின் கடமை. இந்த வரியை ‘நோயாளியைப் பரிசோதிக்கும்போது உடன் ஒருவர் இருக்க வேண்டும்’ என்று பொதுவாக்கிவிட்டால் உரிமையே காணாமல் போகிறது. கர்ப்பிணி கர்ப்பிணிதான். பாலூட்டும் தாய்மார்கள் அறை, அதே பெயரில் இருக்கட்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. அதன்படி புகார்களை விசாரிக்க அமைக்கும் உள்ளகக் குழுவுக்குத் தலைமை வகிப்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும். உங்கள் கையேட்டில் அந்தப் பகுதி வரும்போது ‘மூத்த பணியாளர் ஒருவர் தலைமையில்’ என்று எழுதினால் அது தவறான தகவல். ‘மூத்த பெண் பணியாளர் ஒருவர்’ என்றே எழுதுங்கள்.

பொதுச் சொல் சில நேரம் பெண்களை மூடி மறைத்தும் விடும். ‘விவசாயி’ இலக்கணப்படி இருபாலுக்கும் பொது. நாற்று நடுவது, களை பறிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். ஆனால் பட்டா ஆணின் பெயரில், விவசாயி என்றால் மனதில் வருவதும் ஆண். அந்தப் பெண்களிடம் தொழில் என்ன என்று உங்கள் சேர்க்கைப் பிரிவில் கேட்டால், ‘வீட்டுல சும்மாதான் இருக்கேன்’ என்ற பதில்கூட வரும். ‘தொழில்: இல்லை’ என்று உடனே எழுதிவிடாமல், வயல் வேலை, கூலி வேலை, பீடி சுற்றுவது ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். முதுகுவலிக்கும் இருமலுக்கும் காரணம் தேடும் மருத்துவருக்கு அது தேவை.

மாறாக, குழந்தைகள் பிரிவு அறிவிப்பில் ‘தாய்மார்கள் தடுப்பூசி அட்டையைக் கொண்டு வரவும்’ என்றிருந்தால் ‘பெற்றோர்’ என்று மாற்றுங்கள். ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம் என்பது அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

படிவம். ‘த/பெ’, ‘க/பெ’ இரண்டும் ஆவணப் பழக்கம். ஆணுக்கு வாழ்நாள் முழுவதும் ‘த/பெ’. பெண்ணுக்குத் திருமணம் ஆனதும் ‘க/பெ’. எந்த ஆணிடமும் ‘ம/பெ’ கேட்பதில்லை. மருத்துவமனைக்கு உண்மையில் என்ன வேண்டும்? அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதுதானே? அதையே கேளுங்கள்: ‘அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்’, ‘நோயாளிக்கு உறவு’, ‘செல்பேசி எண்’. கணவரை இழந்தவரும் பிரிந்து வாழ்பவரும் தனியாக வாழ்பவரும் அந்தக் கட்டத்தில் பேனாவை நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்காது. காப்பீட்டுக்காகவோ அடையாள ஆவணத்தோடு ஒப்பிடவோ தந்தை அல்லது கணவர் பெயர் தேவைப்பட்டால் அந்தப் படிவத்தில் மட்டும் கேளுங்கள். ‘திரு, திருமதி, செல்வி’ கட்டங்களும் வேண்டாம். ஆணின் அடைமொழி அவர் திருமணத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, பெண்ணுடையது மட்டும் சொல்கிறது. அடைமொழி இல்லாமல் முடியாது என்று நிர்வாகம் சொன்னால் ‘திருமிகு’ இருக்கிறது, இருபாலுக்கும் பொருந்தும்.

ஒப்புதல் படிவத்தைத் தனியாகக் கவனியுங்கள். ‘கணவர் கையொப்பம்’ என்ற கோடு பல மருத்துவமனைகளில் பழக்கத்தால் வந்து நிற்கிறது. கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பிய, மனநலக் குறைபாடு இல்லாத பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் மட்டும் போதும். கணவர் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. கருத்தடை தோற்றதால் உண்டான கருவைப் பற்றிப் பேசும் இடத்தில் 2021 திருத்தம் ‘மணமான பெண்’ என்பதைப் ‘பெண்’ என்றும், ‘கணவர்’ என்பதை ‘இணையர்’ என்றும் மாற்றிவிட்டது. உங்கள் படிவத்தில் ஒரே ஒரு சொல், சட்டம் போடாத பூட்டை ஒரு பெண்ணுக்குப் போட்டுவிடும். இந்தப் பக்கத்தை மட்டும் உங்கள் சட்ட ஆலோசகரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

பாலினக் கட்டத்தில் ஆண், பெண் என்று இரண்டோடு நிறுத்தாதீர்கள். திருநங்கை, திருநம்பி இருவருக்கும் பொதுவாகத் ‘திருநர்’ என்ற சொல் நன்றாக நிலைத்துவிட்டது. இதுவும் ‘ர்’தான் பாருங்கள். 2008இல் தமிழ்நாடு இவர்களுக்கென நல வாரியம் அமைத்தபோது புழக்கத்தில் ‘அரவாணி’ என்ற சொல் இருந்தது. திருநங்கை என்ற சொல் அதன் இடத்துக்கு வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தின் முயற்சியால் 2022இல் மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. அந்தப் பட்டியலை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தை நோயாளியே நிரப்பட்டும். முகத்தைப் பார்த்துப் பணியாளர் டிக் அடிக்க வேண்டாம். சிகிச்சைக்கு உடல் பற்றிய விவரம் தேவை என்றால் அது மருத்துவர் அறைக்குள் கேட்க வேண்டிய கேள்வி, வரவேற்பு மேசையில் அல்ல.

வரவேற்பு மேசையைப் பற்றி ஒரு வேண்டுகோளும் உண்டு. டோக்கன் கூப்பிடும்போது ‘லட்சுமி யாரும்மா?’, ‘முருகன் யாருப்பா?’ என்பதே நம் வழக்கம். அட்டையில் முருகன் என்ற பெயரோடு புடவை கட்டிய ஒருவர் எழுந்து நின்றால் கூடமே திரும்பிப் பார்க்கும். அவர் அடுத்த முறை உங்கள் மருத்துவமனைக்கு வராமலே போய்விடக்கூடும். அதனால் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அருகில் வந்தபின் ‘உங்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்?’ என்று கேட்டு, அந்தப் பெயரைக் கோப்பின் மேலட்டையில் பென்சிலால் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வார்டுக்குப் போகும்போது கோப்போடு அந்தப் பெயரும் போகும்.